கூடை முடையும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? ஆப்பிரிக்கக் கிராமத்துக் கைவினை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் ஒரு கூடை இருக்கிறது. கானா நாட்டின் வடகோடியில், போல்கடாங்கா நகரைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் முடைந்தது. காய்கறி வாங்க அதை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள்: எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, அந்தப் பணம் உண்மையிலேயே அந்தப் பெண்களுக்குப் போய்ச் சேர்கிறதா? மூன்றாவது கேள்விக்குத் தெருமுனையில் நின்று பதில் சொல்லிவிட முடிவதில்லை. பல பேர் பல சமயங்களில் கேட்டவற்றை ஒன்றாகத் திரட்டி, நிதானமாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி போல்கா கூடையைப் பற்றியது. ருவாண்டா, கென்யா, போட்ஸ்வானா, எஸ்வாத்தினி ஆகிய நாடுகளும் இடையிடையே வரும்.

போல்கா கூடை என்பது எது?

கானாவின் மேல் கிழக்கு மாநிலத்துக்குத் தலைநகர் போல்கடாங்கா. புர்கினா ஃபாசோ எல்லைக்குப் பக்கத்து ஊர். அங்கே வாழும் ஃப்ராஃப்ரா மக்கள் குருனே மொழி பேசுகிறவர்கள். அவர்கள் முடையும் புல் கூடையைத்தான் உலகச் சந்தையில் ஊர்ப் பெயரைச் சுருக்கிப் ‘போல்கா கூடை’ என்கிறார்கள். வட்ட அடி, அகன்ற வாய், கண்ணைப் பறிக்கும் வண்ணப் பட்டைகள், தோல் சுற்றிய வளைந்த கைப்பிடி என்று பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும்.

முன்பு இந்தக் கூடைகளுக்குக் கைப்பிடியும் கிடையாது, இவ்வளவு வண்ணமும் கிடையாது. தானியம் அள்ளவும், சோளத்தில் காய்ச்சும் ‘பிட்டோ’ என்ற உள்ளூர்க் கள்ளை வடிகட்டவும் வீட்டுக்கு வீடு முடைந்து வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கைப்பிடியும் வண்ணமும் வந்தன.

நிலம் இருக்கிறதே, விவசாயம் போதாதா?

போதாது. அங்கே ஆண்டுக்கு ஒரே மழைக்காலம்தான். ஏறக்குறைய மே மாதம் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். அதற்குள் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைந்தால்தான் உண்டு. பிறகு வரும் வறண்ட மாதங்களில் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். வயலில் வேலை இருக்காது. அடுத்த அறுவடைக்கு முன்பே குதிருக்குள் தானியம் தீர்ந்துபோகும். அந்த வாரங்களில் சந்தையில் தானிய விலை ஏறியிருக்கும். விளைவித்தவர்களே விலை கொடுத்து வாங்க வேண்டிய நேரம் அது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் கானாவின் தெற்கே கோகோ தோட்டங்களும் தங்கச் சுரங்கங்களும் பெருகின. வடக்கை அவற்றுக்கு ஆள் அனுப்பும் பகுதியாகவே அரசு வைத்திருந்தது. சாலையும் பள்ளியும் தாமதமாகத்தான் வந்தன. இன்றைக்கும் வடக்குப் பெண்பிள்ளைகள் பலர் அக்ராவுக்கும் குமாசிக்கும் போய், சந்தைகளில் தலைச்சுமை தூக்கிப் பிழைக்கிறார்கள். அவர்களை ‘கயாயெய்’ என்று அழைக்கிறார்கள். இரவில் கடை வாசல்களில் படுத்து உறங்கும் வாழ்க்கை அது. கூடையின் விலையைப் பேசும்போது, அந்தக் கூடை இல்லாவிட்டால் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வழி என்பதை நான் மறப்பதில்லை.

ஒரு கூடையை எப்படி முடைகிறார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?

இதை விரிவாகவே சொல்கிறேன். கூடையின் விலை நியாயமா இல்லையா என்று தீர்மானிக்க இதுதான் அடிப்படை.

முதலில் புல். காய்ந்த தாளின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் நெடுக இரண்டாகப் பிளக்கிறார்கள். பிளந்த இழைகளை மறுபடியும் சேர்த்து உருட்டி முறுக்குகிறார்கள். முறுக்கினால்தான் வலு. பிளக்காத புல் முடையும்போது முறிந்துவிடும். ஒரு நடுத்தரக் கூடைக்கு இப்படி நூற்றுக்கணக்கான தாள்கள் வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத வேலை இது. கூடை முடைவதைப் படம் பிடிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விலை சொல்பவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது சாயம். பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்துச் சாயப்பொடி போட்டுக் கட்டுக் கட்டாகப் புல்லை முக்கி எடுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். இதற்கு விறகும் தண்ணீரும் வேண்டும். வறண்ட மாதங்களில் இரண்டும் அருமை.

பிறகு அடிப்பாகம். தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வட்டமாகத் தொடங்கி, விளிம்பில் மேல்நோக்கி மடக்கிச் சுற்றுச்சுவரை எழுப்புகிறார்கள். கையையும் புல்லையும் அவ்வப்போது நனைத்துக்கொள்ள வேண்டும். வரைபடம் எதுவும் கிடையாது. எந்த வண்ணத்துக்குப் பிறகு எது, எத்தனை சுற்றுக்கு ஒரு முறை கட்டம் மாறும் என்பதெல்லாம் மனக்கணக்கு. வாய் முடிந்ததும் கைப்பிடி. வெளியே துருத்தும் நார்களைக் கத்தரித்த பிறகு கூடை தோல்காரரிடம் போகிறது. கைப்பிடிக்குத் தோல் தைப்பது பெரும்பாலும் ஆண்களின் தொழில், தனிக் கூலி.

நடுத்தர அளவுக் கூடைக்குச் சுமார் மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது முழு மூன்று நாள் அல்ல. தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, கிடைக்கிற இடைவெளிகளில் மர நிழலில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து முடைவது. அதனால்தான் ‘ஓய்வு நேர வேலைதானே’ என்று சிலர் விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்ததையும் கூடை எடுத்துக்கொண்டது.

அந்தப் புல் நம் ஊர் வெட்டிவேரா?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. இணையக் கடைகளில் இதை ‘யானைப்புல்’ என்றும் ‘வேட்டா வேரா’ என்றும் எழுதுகிறார்கள். பின்னது தமிழின் ‘வெட்டிவேர்’ உலகம் சுற்றித் திரிந்து உருமாறிய வடிவம். ஆனால் கூடையில் இருப்பது வெட்டிவேர் அல்ல, கினியா புல். நம் ஊரில் மாட்டுத்தீவனமாகப் பயிரிடுகிறோமே, அந்த இனம்தான்.

புல் இலவசமாகக் கிடைப்பதுதானே? பிறகு என்ன செலவு?

ஒரு காலத்தில் கிராமத்துக்கு வெளியே போனால் அறுத்துவரலாம். இன்றைக்கு முடைவதற்கேற்ற நீளமான, உறுதியான புல் அந்தப் பகுதியில் அரிதாகிவிட்டது. நிலம் வயலாக மாறியது, மேய்ச்சலும் காட்டுத்தீயும் மிச்சத்தை முடித்துவிட்டன. இப்போது பல நூறு கிலோமீட்டர் தெற்கே, அசாந்தி மாநிலப் பக்கத்திலிருந்து லாரியில் புல் வருகிறது. வியாபாரிகள் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். டீசல் விலை ஏறினால் புல்லின் விலை ஏறும், கூடையின் விலை ஏறாது.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் முதல் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கையில் பணம் இல்லாத பெண் புல்லைக் கடனுக்கு வாங்குகிறாள். கடன் கொடுத்தவரே கூடையையும் வாங்குபவராக இருந்துவிட்டால், விலையை அவர் சொல்வதுதான். முடைந்து முடித்த கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் முன்பே அது அவளுடையது இல்லை என்றாகிவிடுகிறது. ஒரு குழுவுக்கு உதவ வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், புல்லைப் பருவத்தில் மொத்தமாக வாங்கிச் சேமித்து வைக்க ஒரு கிடங்கும் கொஞ்சம் சுழல்நிதியும் கொடுங்கள் என்பேன். தையல் இயந்திரத்தையும் பயிற்சி முகாமையும் விட இது பயன்படும்.

மூலப்பொருள் தீர்ந்துபோவது கானாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ டெல்டா ஓரத்து எட்ஷா கிராமங்களில், 1960களின் இறுதியில் அங்கோலாவிலிருந்து அகதிகளாக வந்த ஹம்புகுஷு மக்கள் மொகோலா என்ற பனைவகையின் குருத்தோலையில் அற்புதமான கூடைகள் முடைகிறார்கள். ஏற்றுமதி சூடுபிடித்ததும், மொகோலாவும் பழுப்புச் சாயத்துக்குப் பட்டை உரிக்கப்படும் மரங்களும் கிராமங்களுக்கு அருகில் குறையத் தொடங்கின. 1987இல் வெளிவந்த ஒரு தாவரவியல் ஆய்வு அதை அளந்தே காட்டியது. ஓலைக்காகப் பெண்கள் மேலும் மேலும் தூரம் நடக்க வேண்டியதாயிற்று. குருத்தை அடியோடு வெட்டினால் பனை சாகும், அளவாக எடுத்தால் மறுபடி துளிர்க்கும். ஆர்டர் கொடுப்பவர் அவசரப்படுத்தினால் அந்த அளவு தவறிவிடுகிறது.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

போல்கடாங்காவில் மூன்று நாளுக்கு ஒரு முறை சந்தை கூடுகிறது. கூடைச் சந்தை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பெண்கள் கைப்பிடித் தோல் போடாத கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். வாங்குபவர்கள் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், அழுத்திப் பார்க்கிறார்கள், ஒரு விலை சொல்கிறார்கள். அன்றைக்கு விற்காவிட்டால் வீட்டில் எண்ணெயோ மருந்தோ வாங்கப் பணம் இல்லை என்பது விற்பவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தால் வாங்குபவருக்கும் தெரியும். அவளால் காத்திருக்க முடியாது, அவரால் முடியும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

விலை நியாயமா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கூடைக்குக் கிடைத்த தொகையில் புல், சாயம், விறகு, சந்தைக்குப் போய்வந்த செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சத்தை வேலை செய்த நாள்களால் வகுங்கள். வரும் தொகை அந்த ஊரின் ஒரு நாள் விவசாயக் கூலியை எட்டுகிறதா? எட்டவில்லை என்றால், விற்பனை எவ்வளவு நடந்தாலும் அது வறுமையை விற்பதுதான். இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

வெளிநாட்டுக் கடையில் அத்தனை விலை, முடைந்தவளுக்கு இவ்வளவு குறைவு. நடுவில் கொள்ளையா?

ஓரளவு. முழுவதும் இல்லை. போல்கடாங்காவிலிருந்து தேமா துறைமுகம் சுமார் 800 கிலோமீட்டர். கூடைக்கு எடை குறைவு, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். கண்டெய்னருக்குள் கூடையோடு காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதற்காகக் கூடைகளை நசுக்கித் தட்டையாக்கிக் கட்டுகிறார்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்து ஒரு சுமையே வீணாகும். பிறகு இறக்குமதியாளர், கிடங்கு, சில்லறைக் கடை. கொள்முதல் விலையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி விற்பது சில்லறை வணிகத்தில் சாதாரணம். இத்தனை படிகளைத் தாண்டும்போது விலை பல மடங்காகாமல் இருக்காது.

ஆகவே கடை விலையையும் முடைந்தவளின் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கோபப்படுவது எளிது, அதனால் அவளுக்குப் பயன் இல்லை. அடியில் இருக்கும் கூலி சிறிதளவு கூடினால் மேலே கடை விலையில் அது பெரிதாகத் தெரியாது. அவள் வீட்டிலோ அது தெரியும். கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சிறிதளவைப் பற்றியது.

தரகர்களை ஒழித்துவிட்டால் போதும் அல்லவா?

இப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது கிராமங்களில் சிதறியிருக்கும் கூடைகளைத் திரட்டுவது, ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, தேறாததைத் திருப்புவது, லாரி பிடிப்பது, ஏற்றுமதித் தாள்களை நிரப்புவது: இத்தனையையும் யாராவது செய்துதான் ஆகவேண்டும். தரகரை நீக்கினாலும் அந்த வேலை நீங்காது. அதை முடைபவர்களின் கூட்டுறவே செய்யலாம், ஒரு நேர்மையான நிறுவனம் செய்யலாம், போட்டிக்கு இரண்டு மூன்று தரகர்கள் இருந்தாலும் விலை தேறும். ஒரே ஒரு வாங்குபவர் இருக்கும் ஊர்தான் ஆபத்தான ஊர். அவர் தொண்டு நிறுவனமாக இருந்தாலும் சரி.

குழுவாகச் சேர்ந்தால் என்ன லாபம்?

மொத்தமாகப் புல் வாங்கலாம், பெரிய ஆர்டரைப் பிரித்துச் செய்யலாம், விலை பேசும்போது ஒருவர் இறங்கினால் மற்றவர் தாங்கலாம். இவற்றைவிட முக்கியம் சேமிப்பு என்று நினைக்கிறேன். கானாவில் ‘சுசு’ என்பார்கள், கென்யாவில் ‘சாமா’, ருவாண்டாவில் ‘இகிமினா’. நம் சீட்டுப் போலத்தான்: எல்லோரும் சிறு தொகை போடுவது, முறை வைத்து எடுத்துக்கொள்வது. 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு இதைச் சற்றே ஒழுங்குபடுத்தி, பெண்கள் தங்கள் பணத்திலிருந்தே தங்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டு ஆண்டு முடிவில் பங்கு பிரித்துக்கொள்ளும் முறையை உருவாக்கியது. அங்கிருந்து அது ஆப்பிரிக்கா முழுவதும் பரவிவிட்டது. மூன்று பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி, மூன்று பெண்களிடம் மூன்று சாவிகள். அந்தப் பெட்டி இருக்கும் ஊரில் ஒரு பெண் புல்லுக்காகக் கடன்காரரிடம் கூடையை முன்கூட்டியே அடகு வைக்க வேண்டியதில்லை. விடியற்காலைச் சந்தையில் விலை சரியில்லை என்றால் கூடையைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துவரவும் முடியும்.

மேல் கிழக்கு மாநிலத்திலேயே சிரிகு என்ற ஊர் இருக்கிறது. பெண்கள் வீட்டுச் சுவர்களில் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறங்களில் கோலம்போல் ஓவியம் தீட்டும் ஊர். 1997இல் மெலனி காசிசே அங்கே பெண்களுக்கான மண்பாண்ட, கலை அமைப்பைத் தொடங்கினார். பானையும் கூடையும் ஓவியமும் விற்பதோடு, பார்க்க வருபவர்கள் தங்க விடுதியும் நடத்துகிறார்கள். வாங்குபவர் ஊருக்கே வந்துவிட்டால் கண்டெய்னரும் இல்லை, தேமாவும் இல்லை. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. சிரிகுவுக்குப் பொருந்தியிருக்கிறது.

ருவாண்டாவின் ‘அமைதிக் கூடை’ கதை உண்மையா, விளம்பரமா?

உண்மைதான், ஆனால் விளம்பரம் அதை மிக எளிமையாக்கிவிட்டது.

1994இல் சுமார் நூறு நாள்களில் ருவாண்டாவில் 8 லட்சம் பேருக்குமேல் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் துட்சி இனத்தவர். கணவனை இழந்த பெண்கள் ஒரு பக்கம், கொலைக்குற்றத்துக்காகக் கணவன் சிறையில் இருக்கும் பெண்கள் இன்னொரு பக்கம், அதே குன்றில், அதே தண்ணீர்க் குழாயடியில். இரு பக்கத்துக்கும் வயிற்றுப்பாடு ஒன்று. இரு பக்கத்துக்கும் தெரிந்த வேலையும் ஒன்று: ‘அகசேகே’ முடைவது. கூம்புபோல் உயர்ந்த மூடியுடைய கூடை அது, திருமணச் சீரில் இடம்பெறுவது, நாட்டின் அரசுச் சின்னத்திலும் உள்ளது. போல்கா கூடையைப்போல் இழையை மடக்கி முடைவதல்ல. புல் கற்றையைச் சுருளாகச் சுற்றிக்கொண்டே ஊசியில் கோத்த கற்றாழை (சிசல்) நாரால் இறுக்கித் தைத்து வருவது. கண் வலிக்கும், மெதுவாகத்தான் வளரும்.

ஜேனட் நுகுபானா, ஜாய் நுதுங்குட்சே என்ற இரு சகோதரிகள் உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து, இன அழிப்புக்குப் பிறகு நாடு திரும்பியவர்கள். 2004இல் கஹாயா லிங்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2005இல் வில்லா ஷாலிட் என்ற அமெரிக்கரின் முயற்சியால் இந்தக் கூடைகள் மேசிஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடரில் விற்பனைக்கு வந்தன. சில பத்துப் பெண்களோடு தொடங்கிய வேலை ஆயிரக்கணக்கானோர் வரை வளர்ந்தது. கொன்றவனின் மனைவியும் கொல்லப்பட்டவனின் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முடைந்தார்கள்.

இதைக் கூடை செய்த அற்புதம் என்று எழுதுகிறார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. ஒரு பெரிய கடை தொடர்ந்து ஆர்டர் கொடுத்தது. சில நூறு கூடைகள் குறித்த நாளில் ஒரே அளவில் போய்ச் சேரவேண்டும் என்றால் எல்லோரும் வந்து உட்கார்ந்துதான் ஆகவேண்டும். தினமும் வந்து உட்கார்ந்தபோது பேச்சு வந்தது. சிலருக்கு மன்னிப்பும் வந்திருக்கலாம், அதை வெளியில் நிற்கும் நாம் எண்ணிக்கையாகச் சொல்லக்கூடாது. அவர்களை ஒரே பாயில் உட்காரவைத்தது தொடர்ச்சியான வருமானம். அமைதியின் பெயரால் ஒரு முறை மட்டும் வாங்கிவிட்டுப் போகும் அனுதாபத்தால் அது நடந்திருக்காது.

நகல்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சமாளிக்க முடியாமல் நொடித்துப்போன கதை கென்யாவில் இருக்கிறது. மச்சாகோஸ், கிடுய் பகுதிகளின் காம்பா பெண்களும், கிகுயு பெண்களும் முடையும் ‘கியோண்டோ’ தோள்பைக்கு 1970களிலும் 80களிலும் மேற்கு நாடுகளில் பெரிய மோகம். ஊருக்கு ஊர் பெண்கள் குழுக்கள் முளைத்தன. பிறகு ஆசியத் தொழிற்சாலைகள் இயந்திரத்தில் அதே வடிவத்தை மலிவாகச் செய்து குவித்தன. வாங்குபவர்களுக்கு வடிவம்தான் தெரிந்திருந்தது, முடைந்தவரைத் தெரியாது. ஆர்டர்கள் வற்றின.

பத்தமடைப் பாய்க்கு இருப்பதுபோன்ற புவிசார் குறியீடு ஒரு வழி. கானாவில் அதற்கான சட்டம் 2003லேயே வந்துவிட்டது. ஆனால் குறியீடு ஒரு வேலி மட்டும்தான். மீறுபவர்மேல் வழக்குப் போடப் பணமும் ஆளும் வேண்டும், அதுவும் வேறொரு நாட்டு நீதிமன்றத்தில். அதற்கு முன்னால் செய்யக்கூடியது, முடைந்தவரின் பெயரைக் கூடையோடு சேர்த்து அனுப்புவது. சில விற்பனையாளர்கள் செய்கிறார்கள். இயந்திரத்தால் கூடையை நகலெடுக்க முடியும், முடைந்தவரின் பெயரை முடியாது.

வெளிநாட்டார் கேட்கிறபடி வண்ணமும் வடிவமும் மாற்றினால் மரபு கெட்டுப்போகாதா?

கியோண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாரம்பரியக் கற்றாழை நார்ப் பை’ என்று விற்கிறார்கள். அந்தக் கற்றாழையே மெக்சிகோவிலிருந்து வந்த செடி. 1893இல் ஜெர்மானியர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் தோட்டப்பயிராகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் பெருக்க மரப் பட்டை நாரிலும் புதர்ச்செடி நாரிலும் பை முடைந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள் பீர் பானையை மூடும் ‘இம்பெங்கே’ தட்டை வண்ண டெலிபோன் கம்பியில் பின்னத் தொடங்கியது நகரங்களில் இரவுக்காவல் வேலை பார்த்தவர்களிடமிருந்து வந்தது என்கிறார்கள். இன்று அது அருங்காட்சியகப் பொருள். மரபு எப்போதும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாற்றம் கெடுதல் ஆவது வேறு இடத்தில். இந்தப் பருவத்தில் இளஞ்சிவப்புதான் என்று ஒரு வாங்குபவர் சொல்ல, ஊர் முழுக்க இளஞ்சிவப்புச் சாயம் வாங்கி முடித்த பிறகு அவர் ஆர்டரைக் குறைத்துவிடுவது. சாயத்துக்கான பணம் பெண்களுடையது. வடிவத்தைச் சொல்பவர் அதன் நஷ்டத்தையும் ஏற்கவேண்டும்.

சம்பாதித்த பணம் பெண்ணின் கையில் நிற்கிறதா?

வீட்டுக்கு வீடு மாறும். கூடை சிறுசிறு தொகையாக அடிக்கடி வரும் வருமானம் என்பதால் அது பெரும்பாலும் பெண்ணிடமே தங்கி, உப்பும் எண்ணெயும் சீருடையும் பள்ளிக் கட்டணமும் ஆகிறது. வருமானம் பெரிதானால் வீட்டில் பங்கு கேட்கும் குரல்களும் பெரிதாகும். ‘பிள்ளைகள் செலவு இனி உன் பொறுப்பு’ என்று கணவர் ஒதுங்கிக்கொள்வதும் நடக்கிறது. அப்போது வருமானம் கூடியும் அவளிடம் மிஞ்சுவது இல்லை.

கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்ததிலிருந்து செல்பேசி வழியாகப் பணம் கொடுப்பது பரவியிருக்கிறது. கானாவிலும் அப்படியே. யார் எவ்வளவு வாங்கினார் என்று சந்தைக்கே தெரியாமல், அவள் பெயரிலுள்ள எண்ணுக்குப் பணம் போய்விடுகிறது. சொல்வதற்குச் சிறிய வசதி, அனுபவிப்பவளுக்குப் பெரிய வசதி. போன் கணவரின் சட்டைப்பையில் இருந்தால் மட்டும் பயன் இல்லை.

நாங்கள் போய்ப் பயிற்சி கொடுக்கலாமா?

முடைவதற்கா? வேண்டாம். ஏழு எட்டு வயதிலிருந்து முடைகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. அளவுநாடா பிடித்து நூறு கூடையை ஒரே உயரத்தில் செய்வது, செலவுக்கணக்கு எழுதி விலை சொல்வது, ஏற்றுமதித் தாள் நிரப்புவது போன்றவற்றில் கேட்டால் உதவலாம்.

நல்ல முறையில் நீண்டகாலம் நடக்கும் முயற்சி ஏதாவது உண்டா?

எஸ்வாத்தினியில் (2018 வரை சுவாசிலாந்து) 1992இல் ஜென்னி தோர்ன் தொடங்கிய கான் ரூரல். மலைகளில் வளரும் ‘லுட்டின்ட்சி’ புல்லைப் பெண்கள் அறுத்து வருகிறார்கள். நிறுவனம் அதை விலைக்கு வாங்கிச் சாயமேற்றி, மறுபடி முடைபவர்களிடம் கொடுக்கிறது. நூற்றுக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். பணம் வாங்க அவர்கள் நகரத்துக்குப் போவதில்லை, நிறுவனம் ஊருக்கு வருகிறது. புல்லுக்கும் அவர்களுக்கே பணம் கிடைக்கிறது, சாயச் செலவு அவர்கள் தலையில் இல்லை. மேலே நான் சொன்ன முதல் முடிச்சை இவர்கள் அவிழ்த்திருக்கிறார்கள்.

நன்கொடை கொடுப்பதா, கூடை வாங்குவதா?

நல்ல விலைக்குத் திரும்பத் திரும்ப வாங்குவது. கடை நடத்துபவர் என்றால் முன்பணம் கொடுங்கள். உலக நியாய வணிக அமைப்பின் விதிப்படி, கைவினைப் பொருள்களுக்கு முடைபவர்கள் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அந்தப் பாதிப் பணம்தான் புல் வாங்கும் பணம். நன்கொடை தர விருப்பம் இருந்தால் கிடங்குக்கும் புல் நடவுக்கும் தாருங்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் என்ன கேட்பது?

எந்த ஊர், எந்தக் குழு என்று கேளுங்கள். ‘ஆப்பிரிக்கா’ என்று மட்டும் பதில் வந்தால் அவருக்கே தெரியவில்லை என்று பொருள். முடைந்தவருக்கு ஒரு கூடைக்கு என்ன கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டாக அதே குழுவிடம் வாங்குகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் மற்றவற்றில் சின்னக் குறை இருந்தாலும் நான் வாங்கிவிடுவேன்.

கூடை நசுங்கிப்போய் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அது பழுது அல்ல, கண்டெய்னரில் தட்டையாக வந்ததன் அடையாளம். கைப்பிடித் தோல் நனையாமல் பிடித்துக்கொண்டு, புல் பகுதியை மட்டும் சில நொடிகள் தண்ணீரில் முக்கி எடுங்கள். முறுக்கிய புல் இளகிவிடும். உள்ளே கையை விட்டு அடியிலிருந்து மேலாக அழுத்தி வட்டத்துக்குக் கொண்டுவந்து, வாய் விரிய ஒரு துணி உருண்டையைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். அடர்ந்த வண்ணமாக இருந்தால் முதல் முறை கொஞ்சம் சாயம் இறங்கும், வெள்ளைத் துணிமேல் வைக்க வேண்டாம். மறுநாள் காலையில் சந்தைக்கு எடுத்துப்போகலாம்.